ஆணி இல்லாத மண்டபம்

இப்போதெல்லாம் நாற்காலியின் கால் ஆடினால் போதும், ஓர் ஆணியை எடுத்து நச்சென்று அடித்துவிடுகிறார்கள். மறுநாள் கால் பிளந்ததும் விற்றவனைத் திட்டுகிறார்கள். ஏன் ஆடியது என்று குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் முதுகு வளைவதில்லை. முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட சேனாதீர மகாராஜாவும் இந்த ரகம்தான். என்ன, அவர் தலையில் கிரீடம் இருந்தது.

அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. கப்பலில் வருகிறவர்கள் சீன தேசத்து மண்டபங்களைப் பற்றிப் பேசுகிறார்களே, அப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்றார். துறைமுகத்தில் வெகுகாலமாகக் கப்பல்களைப் பழுது பார்த்து வந்த வென் என்ற சீனத்துத் தச்சனை அழைத்து வந்தார்கள். அவன் கோட்டைக்கு வெளியே மண்டபத்தைக் கட்டினான். தூண்களை மண்ணில் புதைக்கவில்லை; கல்லின் மேல் சும்மா நிறுத்தினான். தூணின் தலையில் மரக் கைகளை அடுக்கினான். ஒன்றின் வாயில் இன்னொன்று கடித்துக்கொண்டு கூரையைத் தாங்கியது. மரத்தைத் துளைத்து மரத்தைச் செருகி மரத்தாலேயே ஆப்பு வைத்தான். இரும்பு என்பது பேருக்கும் இல்லை.

அரண்மனை விகடனான வேம்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிழவர் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல.

"யோவ் தச்சரே, இது நிக்குமா?"

"நிக்கும் ஐயா."

"கட்டினவன் வேற என்ன சொல்லுவான்?" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி மாதக் காற்று வீசியது. மண்டபம் கிறீச் கிறீச்சென்று முனகியது. தூண்கள் மெல்ல அசைந்தன. உள்ளே கொலுவிருந்த மகாராஜா செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடிவந்தார்.

இதற்காகவே காத்திருந்தவர் அரசாங்க இரும்புப் பட்டறையின் அதிகாரி கடம்பராயர். ராஜ்ஜியத்தில் எது கட்டினாலும் அவர் பட்டறை ஆணிதான் போகும். இதற்கு ஒன்றுகூடப் போகவில்லை. அதோடு, விகடன் வாய்திறந்தால் சபை சிரிக்கிறது, தான் வாய்திறந்தால் கொட்டாவி விடுகிறது என்ற வயிற்றெரிச்சல் வேறு.

"மகாராஜா! சபையறியச் சத்தியம் செய்கிறேன். இந்த மண்டபத்தில் ஓர் ஆணிகூட இல்லை. இது தங்கள் உயிருக்கு விரிக்கப்பட்ட வலை. மூட்டுக்கு மூட்டு ஆணி அறைய உத்தரவிடுங்கள்."

வென் முன்னால் வந்து நின்றான். "ஆணி வேண்டாம், ராஜா. காற்றடித்தால் மூட்டு கொஞ்சம் அசையணும். இறுக்கினால் மரம் கிழியும். நான் அடிக்க விடமாட்டேன்."

"விடமாட்டாயா? என்னிடமா சொல்கிறாய்?" மகாராஜா சிவந்தார். "இவன் இரண்டு கைகளையும் வெட்டுங்கள்!"

சபையே தரையைப் பார்த்தது. வேம்பன் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"கையை வெட்டினா காத்து நின்னுடுமா மகாராஜா?"

"வேம்பா! இந்த மண்டபத்துக்கு நீ பொறுப்பேற்கிறாயா?"

"நான் ஏன் ஏற்கணும்? எனக்கு அதுமேல நம்பிக்கை கிடையாது. கடம்பராயர்மேல அதைவிடக் கிடையாது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

கடம்பராயர் மகாராஜாவின் காதில் எதையோ ஊதினார். மகாராஜா நிமிர்ந்தார்.

"நல்லது. வசந்த விழாவுக்குள் இந்த மண்டபம் முழுவதையும் கோட்டையின் திட்டிவாசல் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு மரத்தையும் அறுக்கலாகாது, உடைக்கலாகாது. தவறினால் அவன் கைகளோடு உன் நாக்கும் போகும்."

திட்டிவாசல் என்பது கோட்டைக் கதவுக்குள் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு. கடம்பராயர் மீசைக்குள் சிரித்தார்.

வெளியே வந்ததும் வென் கேட்டான், "நம்பிக்கை இல்லைன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நாக்கைப் பணயம் வச்சீங்க?"

"ஒரு பயலும் வாயைத் திறக்கலை. எனக்கு எரிஞ்சுது. சரி, பூட்டினவனுக்குக் கழட்டத் தெரியுமா?"

வென் மரச்சுத்தியால் ஓர் ஆப்பைத் தட்டினான். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஓடுகள் இறங்கின, உத்தரங்கள் இறங்கின, மரக் கைகள் ஒவ்வொன்றாக வாயை விட்டன. நீளமான தூண்கள்கூடப் படுத்தவாக்கில் திட்டிவாசலில் பாம்பு மாதிரி நுழைந்தன. விஷயம் கடம்பராயருக்கு எட்டியது. கொல்லர்களோடு ஓடிவந்து, "மன்னர் பாதுகாப்புக்காக!" என்று கத்தியபடி, மிச்சமிருந்த ஒரு தூணையும் அதன் உத்தரத்தையும் சேர்த்து நீள நீள ஆணிகளை இறக்கினார். வென் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரும். அதை அப்படியே தூக்கச் சொல்லும்" என்றார் வேம்பன்.

விழா நாள். மேளதாளத்தோடு ஊரைச் சுற்றிவிட்டுக் கோட்டைக்குத் திரும்பிய மகாராஜா, திட்டிவாசலில் ஆணியடித்த அந்தத் தூணும் உத்தரமும் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக் கிடப்பதைக் கண்டு நின்றார். அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெரிய கதவைத் திறக்கவும் விடவில்லை.

"வேம்பா, என்ன இது?"

"இது கடம்பராயர் சாமான், மகாராஜா. நம்ம மண்டபம் உள்ளே பத்திரமா இருக்கு."

"பொய்!" என்று பாய்ந்தார் கடம்பராயர். "இது மண்டபத்தின் தூண்தான், மகாராஜா! இவன் கட்டளையை மீறிவிட்டான்!"

"அப்படியா? மண்டபத்துல ஓர் ஆணிகூட இல்லைன்னு சபையறியச் சத்தியம் பண்ணது யாருங்க? இதுல எட்டிப் பாருங்க, முள்ளம்பன்னி மாதிரி ஆணி. அப்ப ஒண்ணு, இது மண்டபம் இல்லை. இல்லேன்னா மகாராஜா முன்னாடி செஞ்ச சத்தியம் பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க ராயரே, எனக்கு அவசரமில்லை."

பிறகு நான்தான் அடித்தேன் என்றால், உத்தரவில்லாமல் மன்னர் மண்டபத்தில் கைவைத்த குற்றம் ராயர் தலையில் விழும். பொய்ச் சத்தியத்துக்கோ அந்த நாட்டில் கழுமரம்.

"இது... மண்டபம் அல்ல" என்றார் ராயர் மெதுவாக.

"கேட்டீங்களா? அப்ப அவர் சாமானை அவரே எடுக்கட்டும். வாசலை மறிச்சுக்கிட்டு மகாராஜாவை வெயில்ல நிறுத்தி வச்சிருக்கு."

கடம்பராயர் பட்டு உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குறடால் ஆணியை இழுத்தார். படீரென்ற சத்தத்தோடு தூண் தலையிலிருந்து அடிவரை பிளந்தது. ராயர் மல்லாந்து மேளக்காரர் மேல் விழுந்தார். மகாராஜா பிளவைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், ராயரைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குறைந்த தூணுக்கும் உத்தரத்துக்கும் கடம்பராயர் வீட்டுக் கூடத்திலிருந்து மரம் எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று. வென் தன் இரண்டு கைகளாலும் மண்டபத்தை உள்ளே மறுபடி பூட்டினான். காற்று வந்தது. மண்டபம் முனகியது, அசைந்தது, நின்றது.

"வேம்பா, இந்தா முத்துமாலை. இனி இந்தக் கூரையின் கீழ் என் பக்கத்தில் உனக்கு ஆசனம். தச்சன்மேல் இனி ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். இது என் வாக்கு."

வேம்பன் மாலையை வாங்கி மடியில் சொருகினார். ஆசனத்தைப் பார்த்தார். கிறீச்சிடும் கூரையைப் பார்த்தார். அதன் கீழே, கருணை பொங்கச் சிரிக்கும் மகாராஜாவையும் பார்த்தார்.

"உட்காரேன்" என்றார் மகாராஜா.

"அடுத்த காத்தும் அடிக்கட்டும் மகாராஜா. அப்ப நீங்களும் இந்த மண்டபமும் எப்படி நிக்கிறீங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

வென்னின் தோளைத் தட்டி, "துறைமுகத்துல உனக்குத் தெரிஞ்ச கப்பல் ஏதாச்சும் இருந்தா மறந்துடாதே" என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டு, கிழவர் வெயிலில் இறங்கித் தன்பாட்டுக்கு நடந்தார்.