ஆடு சொன்ன சம்மதம்

முன்னொரு காலத்தில், மார்கழிப் பனிக்கும் பாவத்துக்கும் பயந்த ராஜா ஒருவர் இருந்தார். எதிரியின் யானைப்படைக்கு முன்னால் மார்தட்டி நிற்பார். விடியற்காலையில் கல்தரையில் கால் வைக்கச் சொன்னால் குழந்தை மாதிரிச் சிணுங்குவார். ஒருநாள் உத்தரவே போட்டுவிட்டார்: "பள்ளியறையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் கம்பளி விரியுங்கள்!"

அதோடு விட்டாரா? "மனமில்லாத உயிரிடமிருந்து எதையும் பிடுங்கக் கூடாது. சம்மதம் சொன்ன ஆட்டின் உரோமமாகப் பார்த்து வெட்டுங்கள்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

சபையில் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். பிரதானி அனந்தராயர் மட்டும் எழுந்தார். ராஜாவுக்குப் பிடித்ததைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"மகாராஜா, கோயிலில் கிடாயின் தலையில் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால் சம்மதம் என்பது காலகாலமான வழக்கம். அதையே இங்கும் செய்யலாமே!"

ராஜா பூரித்துப்போனார். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீர் தெளித்தால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? ஆட்கள் செம்பும் கத்தரியுமாகக் கிளம்பினார்கள்.

சில நாளில், கம்பளி ஆடு மேய்க்கும் பொம்மக்கா அரண்மனைக்கு ஓடிவந்தாள். கையில் உரோமம் இழந்த குட்டி. அதன் தொடையில் கத்தரி பட்ட காயம். அரசவை விகடன் துளசிங்கம்தான் அவளை முதலில் பார்த்தான்.

"நாங்க மயிரு வெட்டாதவுகளா சாமி? பங்குனி வெயில்ல, குளத்துல குளிப்பாட்டி, பொறுமையா வெட்டுவோம். இவுக அவசரத்துல தோலையும் சேத்து நறுக்கிட்டாக. வெட்டின ஆடெல்லாம் பனியில வெறச்சு விழுது. நாளைக்கு மிச்ச மந்தைக்கும் வாராகளாம்!"

குட்டி வெடவெடவென்று நடுங்கியது. துளசிங்கம் அதைத் தன் மேல்துண்டில் சுற்றிக்கொடுத்துவிட்டு, நேரே சபைக்குப் போய் முறையிட்டான்.

"ஆடுகள் சம்மதித்தது ஊரறிந்த விஷயம்" என்றார் அனந்தராயர். துளசிங்கத்தின் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. "இல்லையென்று இந்த விகடன் நாளைக் காலைக்குள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் சபையை விட்டு ஆடு மேய்க்கப் போகட்டும்."

ராஜாவும் தலையசைத்தார்.

மறுநாள் காலை அனந்தராயர் சால்வை போர்த்திக் கதகதப்பாக உட்கார்ந்திருந்தார். துளசிங்கம் ஒரு செம்பும் வேப்பிலையுமாக வந்தான். பின்னால் பொம்மக்காவும் அவள் உறவுக்காரர்களும் வந்தார்கள். வந்தவன் நேரே பிரதானியின் பின்னால் போய், பிடரியில் தண்ணீர் தெளித்தான்.

அனந்தராயருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்தது.

"சம்மதம்! சம்மதம்!" என்று கூவினான் துளசிங்கம். "பிரதானி அவர்கள் சால்வையையும் மீசையையும் மனமுவந்து தருகிறார். பொம்மக்கா, கத்தரியை எடு!"

உறவுக்காரர்கள் சால்வையை உருவினார்கள். கத்தரி மீசையை நெருங்கியது.

"ஐயோ, நான் எங்கே சம்மதித்தேன்? பச்சைத் தண்ணீர் பட்டால் எந்த உடம்புதான் சிலிர்க்காது? அது குளிர், மகாராஜா, குளிர்!" என்று அலறினார் பிரதானி.

துளசிங்கம் கைகூப்பினான். "இதைத்தான் மகாராஜா, ஆடும் இத்தனை நாளாகச் சொல்கிறது. அதன் பாஷை நமக்குப் புரியவில்லை. பிரதானிதான் இன்று மொழிபெயர்த்துச் சொன்னார்."

தலைவலி தனக்கு வந்தால்தானே தெரியும்! சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தவர், பொம்மக்கா கையிலிருந்த குட்டியின் காயத்தைப் பார்த்ததும் முகம் வாடினார்.

"பாவத்துக்குப் பயந்து பாவத்தையே செய்துவிட்டேனே! இனிப் பங்குனிக்கு முன் எந்த ஆட்டின் மேலும் கத்தரி படக் கூடாது. வெட்டுவதும் மேய்க்கிறவர் கையாகவே இருக்கட்டும். அதுவரை இந்தச் சபையின் சால்வைகள் எல்லாம் வெட்டுப்பட்ட ஆடுகளுக்கு!"

"தங்கள் கால் குளிருமே, மகாராஜா?" என்றான் துளசிங்கம்.

"வேகமாக நடந்துவிடுகிறேன்!"

பிறகு ராஜா தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையைக் கழற்றி, "இது உனக்குப் பரிசு" என்று துளசிங்கத்திடம் நீட்டினார். துளசிங்கம் அதை வாங்காமல், வேப்பிலையைச் செம்பில் நனைத்தான்.

ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்தின் மேல் தூக்கிக்கொண்டார். "கிட்டே வராதே! வாயாலேயே சொல்கிறேன், சம்மதம்! சம்மதம்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பங்குனி வெயில் வரும் வரை, துளசிங்கம் போர்த்திவிட்ட அந்தச் சரிகைச் சால்வையோடு பொம்மக்காவின் குட்டி ஊருக்குள் ராஜநடை போட்டதாம்.