கரையில ஆள் இருக்கு

கடலுக்கு அந்தாண்ட, அமெரிக்கா தேசத்துல, ஒரு பெரிய ஆத்தங்கரையில ரூத்துன்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். இது நான் கட்டின கதை, சரித்திரப் பொஸ்தகத்துல போய்த் தேடாத. ம் கொட்டு.

"ம்."

அக்கரைக்குப் போகணும்னா படகுதான். கறுப்புத் தோல்காரங்க கடைசியிலதான் ஏறணும்னு அங்க ஒரு சட்டம். படகுக்காரனுக்கு மனசில்லன்னா கரையிலயே நிக்க வேண்டியதுதான். ரூத்து வீட்ல எல்லாரும் கறுப்பு. ஒருநாள் அவ தங்கச்சிக்கு அனலாக் கொதிக்குது காய்ச்சல். வைத்தியர் இருக்கிறது அக்கரையில. தங்கச்சியத் தூக்கிக்கிட்டு தடதடன்னு ஓடுறா. படகு பாதி காலியாவே சலக்கு சலக்குன்னு கெளம்பிட்டுது! "கரையில ஆள் இருக்கு! கரையில ஆள் இருக்கு!"ன்னு கத்துறா. அந்தப் படுபாவி திரும்பிக்கூடப் பாக்கல.

"தங்கச்சி செத்துட்டாளா?"

இல்லடி ராசாத்தி, பொழச்சுக்கிட்டா. ஆனா ரெண்டு காதும் போச்சு. ரூத்து அழல. 'இந்தச் சட்டத்த ஒழிக்காம விட மாட்டேன்'னு பல்லைக் கடிச்சுக்கிட்டா.

அப்புறம் வளந்தா, துடுப்புப் போடக் கத்துக்கிட்டா, சொந்தமா ஒரு படகு வச்சா. கரையில ஒத்த ஆள் நின்னாலும் அவ படகு நகராது. அப்புறம் ராவும் பகலுமாப் படிச்சா. சட்டத்த மாத்தணும்னா பெரிய நாற்காலிக்குத்தானே போகணும்? ஜனாதிபதி எலக்சன்ல நின்னுட்டா!

மொத தடவ ஊரே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. தோத்தா. ரெண்டாவது தடவ அவ படகை டமால் டமால்னு ஒடச்சுப் போட்டாங்க. அப்பவும் தோத்தா. அப்போ அக்காளும் தங்கச்சியும் என்ன பண்ணாங்க? சுத்தியல எடுத்து டொக்கு டொக்குன்னு படகுக்கு ஆணி அடிச்சாங்க. அப்புறம் மூணாவது தடவ... ஏய், தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல. ஜெயிச்சாளா?"

ஜெயிச்சா! வெள்ளை மாளிகையில போய் ஜம்முனு உக்காந்தா. சட்டத்த மாத்தப் பேனாவ எடுக்கிறா, கோட்டுப் போட்ட பெரிய மனுசங்க திமுதிமுன்னு வந்துட்டாங்க.

"அம்மா, இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா அடுத்த எலக்சன்ல அம்போதான்."

"போனாப் போகுது. எனக்குத் துடுப்புப் போடத் தெரியும்"னா. சரக்குன்னு கையெழுத்தப் போட்டுட்டா.

அவங்க சொன்ன மாதிரியே அடுத்த எலக்சன்ல தோத்தா. ஊருக்கே திரும்பிட்டா. வருசம் ஓடிப்போச்சு, தலை பஞ்சா நரைச்சுப்போச்சு. ஒருநாள் சாயங்காலம் கம்பை ஊனிக்கிட்டு ஆத்துக்கு வர்றா. கடைசிப் படகு கெளம்பிட்டுது. கூப்பிடலாம்னா தொண்டையில சத்தம் இல்ல.

"அய்யய்யோ!"

படகு ஓட்டுறது பாலாட்டம் வெளுத்த ஒரு பொண்ணு. அன்னிக்குத் திரும்பிப் பாக்காமப் போனானே, அவனோட பேத்தி! அவளுக்கு ரூத்து யாருன்னே தெரியாது. ஏதோ ஒரு கறுப்புக் கிழவி நிக்கிறான்னு மட்டும்தான் பாத்தா. உடனே துடுப்பத் திருப்பிப் போட்டு, "கொஞ்சம் பொறுங்க எல்லாரும், கரையில ஆள் இருக்கு!"ன்னா.

அன்னிக்கு அழாத ரூத்து இன்னிக்கு ஓன்னு அழுதுட்டா. ஏறி முன்னாடியே உக்காந்தா. சலக்கு... சலக்கு...

"..."

படகு அக்கரை சேந்துது, கதையும் கரை சேந்துது. நீ தூங்குடி தங்கம்.