கரிச்சானின் நடு இறகு

ஊருக்கு மின்கம்பம் வந்த புதிது. பறவையும் கம்பியும் பேசிக்கொண்ட காலம் அது. கரிச்சான் குருவிக்கு அப்போது இரட்டைவால் கிடையாது. ஒரே வால். நடு இறகு ஒரு சாணுக்குத் தொங்கும். அதைப் பார்த்துத்தான் கரிச்சான் சனத்தில் பெண் கொடுப்பார்கள்.

ஒரு கரிச்சான் தன் பெட்டையோடு வேப்பமரத்தில் கூடு கட்டியிருந்தது. மூன்று முட்டை. இரண்டை அண்டங்காக்கை தின்றுவிட்டது. உட்கார்ந்து காவல் காக்கத் தோதாக இருந்த பனையைக் கம்பம் நட வெட்டிவிட்டார்கள். இனி உட்கார இருப்பது கம்பத்து உச்சியில் ஓடும் கம்பிதான்.

காக்கை சிரித்தது.

"உட்காரு ராசா. அதுல கரண்ட் இருக்கு. நீ கருகி விழு. மூணாவதை நான் பார்த்துக்கிறேன்."

கரிச்சான் கம்பியிடமே கேட்டது. "கம்பியாரே, உம்மைத் தொட்டால் சாவேனா?"

கம்பி அலுத்துக்கொண்டது. "ஊர் எல்லாவற்றுக்கும் கரண்ட் என்று ஒரே பேர் வைத்துவிட்டது. பதினோராயிரம் வோல்ட் என்பது என் அழுத்தம். கரண்ட் என்றால் ஓட்டம். கொல்வது அதுதான். அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும். இரண்டு காலையும் என்மேலேயே வை. இரண்டுக்கும் ஒரே அழுத்தம். உனக்குள் ஓட அதற்கு வேலையில்லை."

"அப்புறமென்ன?"

"உன் வால் இருக்கிறதே. எனக்குக் கீழே கம்பத்தின் குறுக்கு இரும்பு. அது மண்ணோடு சேர்ந்தது. வால் அதில் பட்டால் நீதான் பாதை. கம்பத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்."

"தள்ளி உட்கார்ந்தால் கூடு தெரியாது."

கரிச்சான் திரும்பி நடு இறகை அலகால் கவ்வியது.

"சனம் சிரிக்குமே," என்றது பெட்டை.

"சிரிக்கட்டும். முட்டை பிழைக்கும்."

பிடுங்கி எறிந்தது. ஓர இறகுகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வளைந்து நின்றன. பறந்துபோய் இரண்டு காலையும் கம்பியில் வைத்தது. ஒன்றும் ஆகவில்லை.

காக்கை வெகுநேரம் காத்திருந்தது. "இன்னும் விழலையா?"

"கிட்ட வந்து பாரேன்."

காக்கை கூட்டை நெருங்கியது. உச்சியிலிருந்து ஒரே பாய்ச்சல், பிடரியில் கொத்து. அலறிக்கொண்டு போன காக்கையைக் கம்பி பார்த்தது.

"இதுதான் ஓட்டம்," என்றது.

முட்டை பொரிந்தது. குஞ்சுக்கும் நடு இறகு முளைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பிளந்த வாலைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

அன்று பிடுங்கிய இறகின் இடைவெளியைத்தான் கரிச்சான் இன்றும் கம்பிமேல் உட்கார்ந்து ஊருக்குக் காட்டுகிறது. தன் உருவில் பாதிகூட இல்லாத கரிச்சானைக் கண்டால் அண்டங்காக்கை இன்றும் வழி மாறிப் பறக்கிறது.