இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

"கடவுள் என்னை ஏமாத்துறாரா, இல்ல நீங்க ஏமாத்துறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

வந்து உட்கார்ந்ததும் துரைசிங்கம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

எதிரே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார் அங்கையற்கண்ணி அம்மா. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது.

துரைசிங்கத்துக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருடம் போலீஸ் வேலை, அதில் பாதிக்கு மேல் குற்றப்பிரிவு. தன்னைவிட இளையவரைக் குரு என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

"நீங்க என்ன கேட்டீங்க கடவுள்கிட்ட?" என்றார் அம்மா.

"பலம் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா தினமும் கேட்கறேன். இருந்த பலமும் போய்க்கிட்டே இருக்கு. அவர் பலத்தை நம்புன்னு நீங்க சொல்றதா ஊர்ல பேசிக்கறாங்க. எங்க இருக்கு அந்தப் பலம்? நான் பார்த்ததில்ல."

"விசாரிங்களேன்."

"யாரை?"

"ரெண்டு பேரையும்தான். நீங்க கேட்கற தோரணையிலேயே தெரியுது, பழகின தொழில்னு. இங்க எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற ஆட்களைத் துரைசிங்கம் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையோ ஒளித்தவர்கள்.

மூன்று நாள் தங்குவதாகச் சொன்னார்.

மனைவி சௌந்தரத்தையும் கூடவே கூட்டி வந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தவள். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு வரும், ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகுத் தோல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

துரைசிங்கம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. போனில் அலாரம் வைத்துக்கொண்டு, பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் தானே புரட்டினார்.

வேறு யாரையும் விடவில்லை. முதலில் வந்த நர்ஸ் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவள் போனில் மெதுவாகப் பேசினாள் என்று அனுப்பினார். சௌந்தரத்தின் தங்கை ஒரு வாரம் வந்திருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எதற்காக என்று கேட்டார். அவள் அதோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

அப்படியும் போன மாதம் இடுப்பில் ஒரு புண் வந்துவிட்டது. மருந்து போட்டும் ஆறவில்லை. அந்தப் புண்ணைப் பார்த்த அன்றுதான் துரைசிங்கம் பூஜை அலமாரியைச் சாத்தினார்.

அன்று மதியம் அங்கையற்கண்ணி அம்மா சௌந்தரத்தைப் பார்க்க அறைக்கு வந்தார்.

"சாப்பிட்டீங்களா அம்மா?"

"சாப்பிட்டா" என்றார் துரைசிங்கம்.

"உடம்பு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

அம்மா துரைசிங்கத்தைப் பார்த்தார். பிறகு சௌந்தரத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

விசாரணை தொடங்கியது.

துரைசிங்கம் சமையல்கட்டைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். அம்மாவின் அறையில் ஒரு பாய், இரண்டு சேலை, ஒரு கண்ணாடி டம்ளர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வந்திருந்தவர்களிடமும் விசாரித்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மதியம் பின்கட்டு அறைக்குள் அம்மா போவார், ஒரு மணி நேரம் கழித்து வருவார், வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும், அங்கேதான் ஆண்டவன் அவருக்குப் பலம் கொடுக்கிறார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"அதை எப்படிங்க போய்ப் பார்க்கறது?"

இரண்டாம் நாள் மதியம் சௌந்தரத்தைப் புரட்டிப் படுக்கவைத்த கையோடு துரைசிங்கம் போய்ப் பார்த்தார். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

உள்ளே அங்கையற்கண்ணி அம்மா தலைக்குக் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை.

அம்மா வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றார்.

"தூங்குறீங்க."

"ஆமா."

"கடவுள்கிட்ட பலம் வாங்கறதா சொல்றாங்க."

"அவங்க சொல்றாங்க."

"ஜனங்க கஷ்டத்தோட வந்து வெளியே காத்துக்கிடக்கறாங்க. உங்களால எப்படித் தூங்க முடியுது?"

"படுத்தா தூக்கம் வருது."

"அந்த ஒரு மணி நேரம் இந்த இடத்தை யார் பார்த்துக்கறது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் தூங்கிட்டிருக்கேனே."

துரைசிங்கம் நோட்டில் எழுதினார்: நேரடியாகப் பதில் சொல்வதைத் தவிர்க்கிறார்.

மூன்றாம் நாள் காலை துப்பு தானாகவே தேடி வந்தது.

தண்ணீர்க் குடத்தை அறை வாசலில் இறக்கிவைத்தார் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். இறக்கிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"ஐயா, உள்ள படுத்திருக்கற அம்மாவுக்கு இடுப்புல புண் இருக்கா?"

துரைசிங்கத்தின் கை அனிச்சையாகக் கதவை இழுத்தது. "உனக்கு எப்படித் தெரியும்? உள்ள வந்தியா?"

"வாடை வருது ஐயா."

அப்போதுதான் அந்த முகத்தை நேராகப் பார்த்தார். இடது காது மடலில் ஒரு பிளவு. இருபது வருடத்துக்கு முந்தைய காது அது. ஒன்பது வீடுகளில் பூட்டை உடைத்த கேஸ். விரட்டிப் பிடித்துக் கம்பி வேலியிலிருந்து கீழே இழுத்தது அவரேதான்.

"கோமதிநாயகம்."

"ஆமா ஐயா. நீங்க வந்த அன்னைக்கே உங்களை அடையாளம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் சொல்லல."

"நீங்க கேட்கல ஐயா."

துரைசிங்கம் நேராக அம்மாவிடம் போனார். குரலில் கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"திருடனை வச்சிருக்கீங்க. கதவுக்குப் பூட்டு கிடையாதுன்னு என்கிட்ட சொல்லிட்டு, பூட்டு உடைக்கறவனை வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க."

"தெரியும். வந்த முதல் நாளே நாயகம் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"அவன் சொன்னா நம்பிடுவீங்களா?"

"நீங்க வந்து மூணு நாளாச்சு. உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. உங்களையும் நம்பித்தான் இருக்கேன்."

"மூணு மணிக்குக் கார் வரச் சொல்லிட்டேன். என் விசாரணை முடிஞ்சுது."

"சரி. அம்மாவுக்கு ஒரு மடக்கு கஞ்சி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க."

பதினொரு மணிக்குச் சௌந்தரத்தை வலப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்தார். ஒரு மணிக்கு அலாரம் வைத்தார். கதவைச் சாத்தி, வெளியே ஒரு நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். யார் உள்ளே போவதானாலும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாயகம் வேப்பமரத்தடியில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். துரைசிங்கம் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விறகுக் கட்டைகளை எண்ணினார். பதினேழு. பதினெட்டு.

கண்ணை ஒரு முறை மூடித் திறந்ததாகத்தான் நினைத்தார்.

திறந்தபோது நாற்காலி இல்லை. தரையில் பாய் மேல் கிடந்தார். தலைக்கடியில் மடித்த வேட்டி. வெயில் கிழக்குச் சுவருக்கு ஏறியிருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அலாரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

யாரோ.

எழுந்தார். கால் மரத்துப்போய் ஒரு முறை சுவரில் மோதினார். சாத்தியிருந்த கதவு விரியத் திறந்துகிடந்தது.

உள்ளே அங்கையற்கண்ணி அம்மா கட்டிலருகே உட்கார்ந்து சௌந்தரத்தின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நாயகம் ஜன்னலோரம் ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

சௌந்தரம் வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நேராக இல்லை, பாதிச் சாய்வில், இடுப்புப் புண்மேல் பாரம் விழாதபடி. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கணுக்காலுக்கடியில் மடித்த துண்டு. அந்தத் துண்டு வைக்கிற விஷயம் துரைசிங்கத்துக்குத் தெரியாது. நான்கு வருடத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர யாரையும் அவர் விட்டதில்லை.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

அம்மா பின்னலை விடாமல் சொன்னார். "அவங்களைக் கேட்டு."

"என் போனை யார் தொட்டது?"

"நான்தான் ஐயா" என்றார் நாயகம். "அடிச்சுக்கிட்டே இருந்துது. நீங்க எழுந்திரிக்கல. மூணு பேர் சேர்ந்து உங்களைப் பாய்க்கு இறக்கினோம். அப்பவும் எழுந்திரிக்கல."

"இவளைத் தொட்டது யாரு?"

"குளிப்பாட்டி உடுத்திவிட்டது அம்மா. ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் திருப்பறப்போ விரிப்பைப் பிடிச்சது நான்."

"உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி? வைத்தியம் படிச்சியா?"

நாயகம் பிழிந்த துணியை உதறி ஜன்னல் கம்பியில் போட்டார்.

"ஜெயில் ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டேன் ஐயா. ஒரு பெரியவர் படுத்த படுக்கையா இருந்தார். பார்க்க ஆளில்ல, என்னைப் போட்டாங்க. ஆறு வருஷம். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு புண் வரல."

பழித்துச் சொல்கிற குரலாக அது இல்லை. துரைசிங்கம் அப்படி ஒரு குரலைத் தேடினார். கிடைக்கவில்லை.

அறையில் வாடை இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கஞ்சி மணம் இருந்தது. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரின் மணம் இருந்தது.

"கார்?" என்றார், கடைசிப் பிடியைப் பிடிப்பவர்போல.

"வந்துது" என்றார் அம்மா. "திருப்பி அனுப்பியாச்சு."

"யார் அனுப்பினது?"

"நான்."

கட்டிலிலிருந்து வந்த குரல். துரைசிங்கம் திரும்பினார். சௌந்தரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகியிருக்கும் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நீயா?"

"நல்லா... தூங்கினீங்க."

"அலாரம் கேட்கல சௌந்தரம். எப்படின்னே தெரியல. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான்..." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "உடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. பலம் கொடு, பலம் கொடுன்னு எத்தனை தடவை கேட்டேன். கடைசியில இப்படிக் கைவிட்டுட்டார்."

முழங்கால் மடங்கியது. நாயகம் ஓடிவந்து தோளைத் தாங்கினார். துரைசிங்கம் உதறப்போனார், கை எழவில்லை. கட்டில் காலருகே மெதுவாக உட்காரவைக்கப்பட்டார்.

அங்கையற்கண்ணி அம்மா பின்னலை முடிந்துவிட்டு, சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினார்.

"நீங்க கேட்டது இருக்கட்டும் ஐயா. அவங்க என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?"

"அவளா? அவளுக்கு என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

சௌந்தரத்தின் இடக்கை விரிப்பின் மேல் ஊர்ந்து வந்து அவர் தலையைத் தொட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்க... பலம்... தீர்ந்து போகணும்னு."