சரிவில் நின்ற கல்லூரி பஸ்

தொழிற்கல்லூரியின் மோட்டார் பட்டறைக்குத் தனபாலன்தான் தலைவர். அவர் எதிரில் மாணவர்கள் மூச்சுவிடவும் பயப்படுவார்கள். மலைச் சுற்றுலா போகவிருந்த கல்லூரி பஸ்ஸுக்கு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் புது பிரேக் ஷூ வாங்கியிருந்தார்கள். அதை வெளியில் விற்க ஒளித்துவிட்டு, தேய்ந்த பழசையே மாட்டச் சொன்னார் அவர்.

"முதல்வரம்மா கேட்டா புதுசுன்னு சொல்லு. இல்லேன்னா செய்முறைத் தேர்வுல நீ பெயில்," என்றார் மாணவி எஸ்தரிடம்.

எஸ்தர் யோசித்தாள். பொய் சொன்னால் பஸ் நிறைய உயிர்கள் போகும். உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பழசையே மாட்டினாள்.

சாயங்காலம் முதல்வர் வந்தார். "பிரேக் எப்படிம்மா இருக்கு?"

"சார் சொன்னபடியே மாட்டியிருக்கேன் மேடம். வாசல் சரிவுல சாரே முதல்ல ஓட்டிக் காட்டட்டுமே!"

"நல்ல யோசனை. நானும் வர்றேன்," என்று முதல்வர் ஏறி உட்கார்ந்தார்.

தனபாலன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சரிவின் அடியில் மெயின் ரோட்டில் லாரிகள் பறந்தன. சாவியைத் திருகக் கை வரவில்லை.

"என்ன சார், கிளப்புங்க."

"வேணாம் மேடம், இறங்கிடுங்க. புது ஷூ என் கார் டிக்கியில இருக்கு."

எஸ்தர் அதற்குள் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கார் சாவியைக் குடுங்க சார்," என்று கையை நீட்டினாள்.