தீப்பெட்டிக்குள் கூடாரம்

பாளையங்கோட்டையில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் செண்பகவடிவுக்கு வயது முப்பதுதான். வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்றுக்குள் அவள் ஒருமுறை கன்னியாகுமரிக் கடற்கரையையே அடக்கி வைத்தாள். பொத்தானை அழுத்தினால் உப்புக்காற்று அடிக்கும். என் மூக்குக்கண்ணாடியை நான் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

அவளிடம் சீடராவது லேசுப்பட்ட காரியமில்லை. நாம் எழுதிய நிரல் அவளுடைய பழைய கால்குலேட்டரில் ஓட வேண்டும். மூன்று தடவைதான் ஏற்றிப் பார்ப்பாள். தேறியவர் தன் ஸ்டூலைத் தானே கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். கடை அவ்வளவு சின்னது.

ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற சர்வேயர். இரண்டு தடவை தோற்றவர். மூன்றாவதற்கு ஸ்டூலோடே வந்து, அதை வாசலில் வைத்தார்.

“டீச்சர், ஒரு விளையாட்டு. அறுபது புதிர்ப்பாதை. வழி கண்டுபிடிச்சு வெளிய வரணும்.”

“இதுல காலி இடம் பன்னிரண்டாயிரம் பைட்தான் அண்ணாச்சி.”

“தெரியும். இருக்கிறதுலயே இறுக்கமாச் சுருக்குற முறையப் பிடிச்சேன். அறுபதும் ஏழாயிரத்துல அடங்கிட்டு. இதைவிட நல்ல முறை உண்டா?”

அவள் ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்தாள்.

“எங்க குருநாதர் ஒரு சர்க்கஸ் கூடாரத்தை மடிச்சு இதுக்குள்ள வச்சிட்டுப் போனாரு.”

“அடேயப்பா! பிரிச்சுக் காட்டுங்களேன்.”

“காட்டலாம். பிரிக்க நாற்பது ஆளும் ரெண்டு யானையும் வேணும். தெருவுல நிக்காங்க. உள்ள கூப்பிடவா?”

ஆவுடையப்பன் சிரித்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

பையிலிருந்து காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். சுருக்கியதை விரிக்கும் நிரலுக்கும், அது ஓடும்போது பிடித்துக்கொள்ளும் இடத்துக்கும் சேர்த்து ஆறாயிரம்.

“பதிமூணாயிரம்,” என்றார் மெல்ல. “நல்லவேளை, இன்னும் ஏத்தல.”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இப்போது ‘ஏழு சுவர், மூன்று வழி, இரண்டு சுவர்’ என்று வரிசையாக எண்ணி எழுதும் முறை. பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பாதைகள் பதினோராயிரம் பைட். விரிக்கும் நிரலுக்கு எல்லாம் சேர்த்து அறுநூறுதான்.

“இதைக் காட்டவே வெக்கமா இருக்கு டீச்சர்.”

அவள் ஏற்றினாள். திரையில் சுவர்கள் எழுந்தன. முதல் பாதையில் நுழைந்தவள் ஏழாவதில்தான் தலை நிமிர்ந்தாள். அதற்குள் வாசலில் மூன்று பேர் கால்குலேட்டரோடு நின்று அலுத்துப் போயிருந்தார்கள்.

“என்னமா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி! ஸ்டூலை உள்ள கொண்டு வாங்க.”

தன் பெட்டிகளை அவள் ஓரமாக ஒதுக்கினாள். அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நானூறு பைட் சும்மா கிடக்கு டீச்சர். இன்னும் ரெண்டு பாதை நுழைச்சிரட்டுமா?”

“நுழைக்கலாம். அப்புறம் உள்ள விளையாட வர்றவங்க எங்க நிப்பாங்க?”