பாறை உச்சியில் எடுத்த கணக்கு

அடர்ந்த காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அக்கரையில் பழமரங்கள். இக்கரையில் சிங்கராஜாவின் களஞ்சியம். பழங்களை முதுகில் சுமந்து, நீந்திக் கொண்டுவருவது ஆமைகளின் வேலை. கூலியும் பழம்தான்.

ஒரு புயலில் பெரிய மருதமரம் ஆற்றின் குறுக்கே விழுந்து பாலமானது. குரங்குகள் அதன்மேல் ஓடியே பழங்களைக் கொண்டுவந்துவிட்டன. ஆமைகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று! கோடையில் கரையோரப் புல்லும் கருகிக் கிடந்தது.

"வேலை இழந்தவர்கள் பௌர்ணமிதோறும் பொழுது சாய்வதற்குள் பாறை உச்சிக்கு வரட்டும். வருகிறவர்களை எண்ணி, அத்தனை பேருக்குப் பழம் கொடுங்கள்!" என்றது சிங்கம். எண்ணும் பொறுப்பு பவளவாய் என்ற கிளிக்குக் கிடைத்தது. அதற்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பௌர்ணமியில் பாறை நிறைய ஆமைகள். அடுத்த பௌர்ணமியில் பாதிகூட இல்லை. பவளவாய் எண்ணிச் சொன்னதும் மந்திரி நரி துள்ளிக் குதித்தது.

"போன மாதத்தைவிடக் குறைவு! எல்லாருக்கும் வேலை கிடைத்து வருகிறது!"

"என்ன பேச்சு இது?" என்று உறுமியது கரடி. "மரம் விழுவதற்கு முன்னால் இந்தப் பாறையில் ஓர் ஆமையாவது உட்கார்ந்ததா? இதுவே அதிகம்!"

"குறைவு!"

"அதிகம்!"

இரண்டும் தொண்டை கிழியக் கத்தின. "கிளியே, உன் கணக்கு சரிதானே?" என்று கேட்டது சிங்கம்.

"சரிதான் அரசே! வந்தவர்களில் ஒருவரைக்கூட விடவில்லை!" என்றது பவளவாய் பெருமையாக. கணக்குப்படி பழமும் குறைந்தது.

அதற்கடுத்த பௌர்ணமியில் பாறை வெறிச்சென்று கிடந்தது.

"ஒருவரும் இல்லை, அரசே!"

நரி ஆட்டம் போட்டது. "அப்படியானால் பழத்தை நிறுத்துங்கள்!" என்றது சிங்கம்.

ஆமைகளில் நீராழி என்பவன் பவளவாயின் சிநேகிதன். குஞ்சாக இருந்தபோது வெள்ளத்தில் விழுந்த கிளியை முதுகில் ஏற்றிக் கரைசேர்த்தவன். அவனுக்கும் வேலை கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் கிளி கீழே பறந்தது.

பாதிச் சரிவிலேயே அது சட்டென்று இறங்கியது. ஐயோ! வழியெல்லாம் ஆமைகள்! சில நகர முடியாமல் கிடந்தன. சில மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

"நீராழி! உனக்கு வேலை கிடைக்கவில்லையா?"

"வேலையா? யார் சொன்னது?"

ஒருவரும் இல்லை என்று கணக்குச் சொன்னது கிளிதானே!

"போன தடவையே வெயில் தாங்காமல் பாதிப் பேரால் ஏற முடியவில்லை. கிடைத்த பழத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டோம். அரை வயிறுதான். இப்போது யாருக்கும் தெம்பில்லை" என்றான் நீராழி. "இன்னும் கொஞ்ச தூரம்தான், வந்துவிடுவேன். என்னை எண்ணாமல் போய்விடாதே!"

பவளவாய் பதறிக்கொண்டு மேலே பறந்தது. "அரசே! ஆமைகள் சரிவில் சாகக் கிடக்கின்றன!"

"உச்சிக்கு வராதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள்!" என்றது நரி.

"நான்தான் அப்போதே சொன்னேனே!" என்றது கரடி.

"சொன்னீர்கள்! யாராவது கீழே இறங்கிப் பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லையே!" என்று கதறியது கிளி.

சிங்கம் இறங்கி வந்து பார்த்து, "பழம் கொண்டுவாருங்கள்!" என்று கர்ஜித்தது. குரங்குகள் பழக்கூடைகளோடு ஓடிவந்தன. மற்ற ஆமைகள் மெல்லக் கழுத்தை நீட்டித் தின்றன. பவளவாய் ஒரு நாவற்பழத்தை நீராழியின் முன்னால் வைத்தது. ஓட்டுக்குள்ளிருந்து தலை வெளியே வரவில்லை.

"உன்னையும் எண்ணிவிட்டேன், நீராழி! வெளியே வா!" என்று கிளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வந்து நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வராதவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடக் கூடாது.